வண்டிச் சாவி என்கிட்ட இருக்கு

வாயாடி மகளே,

பிள்ளை தங்கின நேரத்துல லேசா ரத்தம் பட்டிருக்குன்னு நீ புருஷன்கிட்ட போன்ல அழுதது கேட்டுச்சு. விசாரிக்க வந்தா, "உனக்கென்னப்பா தெரியும்"னு கதவைச் சாத்திட்டே. தெரியும். உன்னைச் சுமந்தப்போ உங்கம்மாவுக்கும் இப்படித்தான் பட்டுச்சு. அந்தப் பிள்ளைதான் இன்னைக்கு என் மூஞ்சியில கதவைச் சாத்துது.

டாக்டருங்களை நான் நம்புறவன் இல்ல. இருந்தாலும் ஸ்கேன் பார்த்துடணும். போன்ல கூப்பிட்டா எவன் வருவானோ, நானே போய் நிதானமா ஓட்டுற டாக்ஸிக்காரனாப் பார்த்துக் கூட்டிட்டு வரேன். சோறு மூடி வெச்சிருக்கேன், சாப்பிடு. வலிச்சாலோ ரத்தம் அதிகமானாலோ ரோஷம் பார்க்காம உடனே போன் பண்ணு.

இன்னொண்ணு. வேலைக்கு ஓடிடலாம்னு வண்டிச் சாவியைத் தேடாதே, என் சட்டைப் பையில இருக்கு. திட்டுறதை டாக்ஸியில வெச்சுக்க. பக்கத்துலதான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா