மூன்றாவது லாவெண்டருக்கு நான் தண்ணீர் ஊற்றவில்லை

அன்புள்ள வசந்தா,

ஷார்ஜாவில் குளிர் வந்துவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் ஒரே பனிமூட்டம், எதிர்வீட்டுக் கார்கூடத் தெரிவதில்லை. நீ வருஷம் முழுக்கக் காத்திருக்கும் பருவம் இது. பார்க்க நீ இல்லை.

குளிர்நாடுகளில் லாவெண்டரைக் குளிர்காலம் தாண்ட வைப்பதுதான் பெரிய பாடு என்பார்கள். நமக்குத் தலைகீழ். கோடை முழுக்க ஏசி ஓடும் ஹாலில் தொட்டிகளை வைத்துக் காப்பாற்றுவாய். வெயில் தணிந்ததும் வெளியே மதிலோரம் மண்ணில் இறக்கிவிடுவாய். கடைசியாக இறக்கியபோது உன் கால்கள் வீங்கியிருந்தன. பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, மூன்று செடிகளையும் நீயே நட்டாய். "இனி ஒண்ணும் பயமில்லீங்க, குளிர்ல அதுவா வந்துரும்" என்றாய்.

வரவில்லை வசந்தா. இரண்டு போய்விட்டன.

உன்னை ஊருக்குக் கொண்டுபோய்க் காரியமெல்லாம் முடித்துத் திரும்பும்வரை, வீட்டுச் சாவி எதிர்வீட்டு சபீனாவிடம் இருந்தது. காலையும் மாலையும் வந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். "ராத்தா வெச்ச செடியாச்சே சார், வாட விட மனசு வரல" என்று, கூடப் பிறந்த அக்காவைப் பறிகொடுத்தவள் போல அழுதாள். அவளை என்ன சொல்ல? இந்த ஊரில் வாடிய எதைப் பார்த்தாலும் கை குழாயைத் தேடும். பாலைவனத்தில் செடி தாகத்தால்தான் சாகும் என்பது எல்லோர் மனதிலும் பதிந்துபோயிருக்கிறது.

நாங்கள் வந்த பிறகு செந்தில் ஆரம்பித்தான். டியூட்டிக்குப் போகும்முன் அம்மா செடிக்கு ஒரு வாளி. அவன் பிள்ளையாய் உனக்குச் செய்ய மிச்சமிருந்தது அதுதான். இலை தொங்கத் தொங்க, இன்னும் ஊற்றினான்.

வாத்தியாராக இருந்தபோது வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? காய்ச்சலில் நடுங்குகிறவன் குளிருது என்பான், உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும். வெளியே தெரிவதை மட்டும் நம்பாதீர்கள் என்று. லாவெண்டரும் அப்படித்தான். வேர் அழுகினாலும் இலை தாகத்தில் வாடியது போலவே தொங்கும்.

இரண்டாவது செடியும் சாய்ந்த அன்று, மூன்றாவதற்குச் செந்தில் ஊற்றப்போன வாளியைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடுங்கப்பா. காஞ்சு கெடக்கு, கண்ணு தெரியலையா?"

"காயலடா. தண்ணிதான் அதிகமாப் போச்சு."

"அம்மாவுக்கும் இதையேதானே சொன்னீங்க!"

சமையலறையில் கழுவிக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது. மருமகள் வெளியே வரவில்லை.

சாய்ந்த செடியைப் பிடித்து இழுத்தேன். எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்தது. வேரெல்லாம் கறுத்து, கொழகொழவென்று, சாக்கடை நாற்றம். செந்தில் அதை வாங்கிப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். "சாரிப்பா" என்றான். பிறகு உன் முக்காலியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

செடி விஷயத்தில் நான் சொன்னது சரி என்று காட்ட ஒரு வேர் இருந்தது. உன் விஷயத்தில் எதைப் பிடுங்கிப் பார்ப்பேன்?

சிறுநீரகம் வேலை செய்யவில்லை, உடம்பில் தண்ணீர் தேங்குகிறது, குடிப்பதை அளந்துதான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். உன் உதடு வெடித்திருந்தது. "ஏங்க, இன்னும் ஒரே ஒரு மடக்கு" என்பாய். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைப்பேன். நீ அந்தப் பஞ்சை உறிஞ்சுவாய். நான் அதையும் எடுத்துவிடுவேன். அளந்து கொடுத்தும் நீ பிழைக்கவில்லை. போகிறவளுக்கு அந்த ஒரு மடக்கைக் கொடுத்திருக்கலாமா? கொடுத்திருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருப்பாயா?

மூன்றாவது செடியைச் சுற்றிச் சேற்றை வாரிவிட்டு மணலும் சரளையும் போட்டிருக்கிறோம். செந்திலும் கூட மண் சுமந்தான். அடியில் இன்னும் கொஞ்சம் பச்சை இருக்கிறது. இன்று வானம் கறுத்திருக்கிறது, மழை வரும் போலிருக்கிறது. நீ துணி துவைக்கும் பெரிய பேசினை எடுத்து வைத்திருக்கிறேன். முதல் தூறலில் செடி மேல் கவிழ்க்க வேண்டும்.

அது பிழைக்கும் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அதற்குத் தண்ணீர் போதும் என்று சொல்ல வேண்டியபோது, யார் கோபித்தாலும், நானே சொல்வேன். அந்தப் பழியை செந்திலிடம் விடமாட்டேன். உன் முதல் தெவசத்தன்று, உன் படத்துக்கு முன்னால் செம்பு வழிய வழியத் தண்ணீர் வைப்பேன். அன்று யாரையும் அளக்க விடமாட்டேன். இது சத்தியம்.

தண்ணீர் செம்பை உன் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்த,
உன் வீட்டுக்காரன்