துணை என்ற கட்டத்தில் விழுந்த பெயர்

அனுப்புநர்:
வெல்டர் வீட்டம்மா,
கதவு எண் 14, மூன்றாம் குறுக்குத் தெரு.

பெறுநர்:
போக்குவரத்து அலுவலர் அவர்கள்.

பொருள்: சைடுகார் பொருத்திய மோட்டார் சைக்கிள் – விண்ணப்ப எண் 318 – தவறாகப் பதிவான பெயரை நீக்கிச் சாலை அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தங்கள் அலுவலகப் பின்முற்றத்தில் இருந்தவர்கள்: ஆய்வாளர், எழுத்தர், வண்டியைத் தள்ளி வந்து உதவிய பஞ்சர் கடைக்காரர், நான். வேறு யாரும் இல்லை.

2. எனக்குச் சிறு வயதிலிருந்தே இடது கால் ஊன்றாது. வண்டி சாயாமல் நிற்க, வெல்டரான என் கணவர் மூன்றாம் சக்கரத்தோடு, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும்படி சைடுகார் செய்து பொருத்தினார். அதில் அவரே உட்கார்ந்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அனுமதி வாங்குவதற்குள் காலமாகிவிட்டார். போல்ட் எண்ணிக்கை, சக்கர இடைவெளி, பிரேக் பிடித்தால் நிற்கும் தூரம் எல்லாம் என் நோட்டில் உள்ளன. ஆய்வாளர் அளந்து பார்த்துக் குறை இல்லை என்றார்.

3. குறை என்னுடையது. நான் பள்ளிக்குப் போனவள் அல்ல. நானாக எழுத்துக் கூட்டிப் படித்தவள். எந்தத் தாளானாலும் தலையில் ‘இறைவன் துணை’ என்று எழுதுவது வழக்கம். படிவத்தின் உச்சியில் இடம் இருந்தது, எழுதினேன். அது ‘துணை இருக்கையில் அமர்பவர்’ என்ற கட்டம். கணினியில் ‘துணை: இறைவன்’ என்று ஏறிவிட்டது. அவர் ஆய்வுக்கு வரவில்லை என்று விண்ணப்பம் திரும்பியது.

4. “அந்த இறைவன் சாரை ஒரு தடவை கூட்டிட்டு வந்துடுங்கம்மா, வேலை முடிஞ்சிடும்” என்றார் எழுத்தர். “அவரு வர்றதா இருந்தா இந்த ஆபீசுக்கு எதுக்கு சார் வர்றோம்” என்றார் பஞ்சர் கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

5. பெயரை மாற்றித் தரலாமா என்று கேட்டேன். வேறு யாரையாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். எழுதப் பெயர் இல்லை.

6. அனுமதி இல்லை என்று போலீஸ்காரர் தடுத்ததிலிருந்து, ஆய்வுக்குத் தள்ளி வந்த அன்று தவிர, நாற்பத்தொரு நாளாக வண்டி மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. கோயிலுக்குப் போக முடியவில்லை. சாமியை வீட்டிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம், ஆனால் நாலு பேர் முகம் வீட்டில் கிடைக்காது.

ஆகவே அந்தக் கட்டத்தில் ‘காலி’ என்று தாங்களே பதிந்து அனுமதி வழங்குமாறு வேண்டுகிறேன். என் கையால் அதை எழுத வரவில்லை. இந்த மனுவின் தலையிலும் வழக்கமாக எழுதுவதை எழுதாமல் விட்டிருக்கிறேன். மறுபடி எந்தக் கட்டத்திலும் விழுந்துவிடக் கூடாது.

சீக்கிரம் ஒரு பதில் போடுங்கள்.

இடம்: மேற்படி வீடு
நாள்: 9ஆம் தேதி, வியாழன்

பணிவுடன் காத்திருக்கும்,
வெல்டர் வீட்டம்மா
(கையொப்பம்)