இடப்பக்கம் சாயும் விமானம்

மாசி 5, திங்கள்

விடிய இருந்து தூறல். கடலும் வானமும் ஒரே சாம்பல், நடுவில் கோடே இல்லை. மருந்துக்கடைக்கு வேலைக்குக் குடையோடு போனேன். நனைக்கிற தூறல் இல்லை; சந்தியில் காவலரணில் மட்டும்தான் அதை விரிக்க வேண்டி வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட.

தம்பி சுதன் இன்றும் வெளியே வரவில்லை. பின் வீதிப் பொடியனை யாரோ வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன நாளில் இருந்து அம்மா அவனைக் கேற்றடிக்கும் விடுவதில்லை. இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளை, பகல் முழுக்க அறைக்குள். கனடாவில் இருந்து மாமா அனுப்பிய பழைய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறான். மாமா ஜொய்ஸ்டிக்கும் அனுப்பினார். மேசையில் ஒட்டி நிற்கும் கறுப்புத் தடி. அதை ஆட்டினால் திரையில் விமானம் ஆடும்.

இன்று அதில் ஒரு பிரச்சினை. விமானம் தானாக இடப்பக்கம் சாய்கிறது.

"அக்கா, நான் தடியில கையே வைக்கேல்ல. அதுவாப் போகுது, பாருங்கோ."

பார்த்தேன். அடிவானம் மெதுவாக, மிக மெதுவாகச் சரிந்தது. நித்திரை வந்த பிள்ளையின் தலை சரிவது போல.

வாங்க: தேங்காய், சவர்க்காரம், அம்மாவின் பிரஷர் குளிசை.

மாசி 6, செவ்வாய்

தூறல் விட்டது. வெயில் இல்லை.

சு. காலையில் இருந்து 'கலிபிரேஷன்'. தடியின் நடு எது, ஓரம் எது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையாம். திரையில் ஒரு சதுரம், அதற்குள் சின்னச் சிலுவை. தடியை விட்டுவிட்டால் சிலுவை நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை. இடப்பக்கமாக ஒதுங்கி நின்று நடுங்கியது. தடியைச் சுழற்றி, பொத்தானை அழுத்தி, திரும்பச் சுழற்றி, திரும்ப அழுத்தி. சரி வந்தது. அரை மணித்தியாலம் நேராகப் பறந்தான். பிறகு திரும்பவும் இடப்பக்கம்.

அம்மா குசினியில் இருந்து: "அந்தத் தடியோட மல்லுக்கட்டுற நேரத்துக்கு இந்த வெங்காயத்தை உரிச்சுத் தரலாம்."

உரித்துக் கொடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி சுழற்றினான்.

கடையில் பேச்சு, ஒரு அன்ரி: "இயக்கக்காரர் இனி வானத்தால வருவினமாம். சின்ன பிளேன் வச்சிருக்கினமாம்." எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தோம். பிறகு அவர் இருமல் மருந்து கேட்டார்.

மாசி 8, வியாழன்

தடி நடுவில் கொஞ்சம் அசைந்தாலும் கணக்கில் எடுக்காதே என்று ஒரு எல்லை வைக்கலாமாம். வைத்துப் பார்த்தான். சாய்வது நின்றது. ஆனால் தடியை எவ்வளவு தள்ளினாலும் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று தூக்கிப் போடும். "மாட்டு வண்டில் மாதிரி இருக்கு" என்றான். எடுத்துவிட்டான்.

ஃபான் போட்டால் சிலுவை கூட நடுங்குகிறது. ஃபானை நிறுத்தி, வியர்த்துக்கொண்டு பார்த்தோம். நடுக்கம் குறைந்தது, சாய்வு குறையவில்லை. அப்படியென்றால் கரண்டில் பிழை இல்லை, தடிக்குள்தான் ஏதோ.

ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவன் முகத்தில். கனநாளைக்குப் பிறகு.

நான் அவன் பின்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரின் மேல் பறந்து காட்டினான். குடா அப்படியே இருக்கிறது, உள்ளங்கை போல. சீனன்குடாவில் விமானப்படையின் ஓடுபாதையும் உண்டு. ஆனால் ஊர் இல்லை. கோணேசர் மலை வெறும் பச்சை மேடு. எங்கள் வீதி இல்லை. வீடு இல்லை. சந்திக் காவலரண் இல்லை. பச்சையும் நீலமும்தான். யாரும் இன்னும் வந்து சேராத இடம் போல.

"இதில எங்கட வீடு எங்கயடா?"

"இப்ப அதுக்கு மேலாலதான் போறம்."

குனிந்து பார்த்தேன். புல்.

மாசி 10, சனி

அரை நாள் லீவு. தடியை ஒரு துணிப்பைக்குள் வைத்து, மேலே மருந்துப் பெட்டிகளை அடுக்கி, கிண்ணியாவுக்குப் போனேன். அங்கே நௌசாத் நானா ரேடியோ, கம்ப்யூட்டர் எல்லாம் திருத்துவார். அப்பா இருந்த காலத்துப் பழக்கம்.

துறையில் பாதைக்கு நீண்ட வரிசை. பஸ், லொறி, ஆட்கள், ஆடு, எல்லாம் பாதை என்கிற அந்த இரும்பு மிதவையில்தான் அக்கரைக்குப் போக வேண்டும். சோதனையில் பையைக் கொட்டச் சொன்னார்கள். தடி உருண்டு வந்தது. வயரும் பொத்தானுமாக.

"இது என்ன?"

"கேம். கம்ப்யூட்டர் கேம். பழுது."

பெண் பொலிஸ் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

பாதை நகர்ந்தபோது தண்ணீர் கண்ணாடி. ஒரு வெள்ளைக் கொக்கு எங்களோடு சேர்ந்து வந்தது, சிறகே அசைக்காமல். அதற்கு எது நடு என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நானா தடியைக் கழற்றினார். "தங்கச்சி, இஞ்ச பாருங்க. ரேடியோவுல வொலியூம் கூட்டிக் குறைக்கிற சாமான் இருக்கில்லையா? அதேதான் இதுக்குள்ளயும். ஒண்டு மேல கீழ, மற்றது இடம் வலம். இந்த இடம் வலம் தேஞ்சு போச்சு."

"எங்கட பொடியன் ஒவ்வொரு நாளும் ஓட்டுறான், நானா."

"வேற என்ன செய்யிற அவன்?" என்றார் மெதுவாக. பிறகு ஒரு பழைய ரேடியோவைத் திறந்து, அதே அளவுச் சாமான் ஒன்றை எடுத்து, ஈயம் உருக்கி ஒட்டினார். காசு வாங்கவில்லை. தொதல் இனிப்புத் துண்டு ஒன்றும் கட்டித் தந்தார்.

பின்னேரம் சு. தடியைக் கம்ப்யூட்டரில் பூட்டினான். கலிபிரேஷன். தடியை விட்டான். சிலுவை நடுவில். அசையவே இல்லை. மூன்று பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம், அம்மா கையில் அகப்பையோடு.

"நிக்குது" என்றார் அம்மா.

மாசி 13, செவ்வாய்

சு. சிரிக்கிறான். சாப்பிடும்போது கதைக்கிறான். குச்சவெளிப் பக்கம் கரையோரமாகப் போய், திரும்பி வந்து, சீனன்குடாவில் இறங்கிப் பழகுகிறானாம். "அக்கா, இண்டைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் இறக்கினனான்." எனக்கும் ஓட்டக் காட்டித் தந்தான். கடலுக்குள் விழுந்தேன். நீலம், பிறகு கறுப்பு, பிறகு திரும்பவும் ஓடுபாதை. எவ்வளவு இலேசாகத் திரும்பக் கிடைக்கிறது.

அம்மாவின் குளிசை மறந்துவிட்டேன். நாளைக்கு.

மாசி 17, சனி

எழுதி வைக்க வேண்டும்.

காலையில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு. வீதியின் இரண்டு பக்கமும் மறித்து, வீடு வீடாக. சுதன் ஓட்டிக்கொண்டிருந்தான். நிறுத்த நேரம் இல்லை. இரண்டு பேர் ஹோலில் அலுமாரியைக் கிளறினார்கள். மூன்றாவது ஆள், அதிகாரி, சுதனின் அறைக்குள் போனார். சுதனை விட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும்.

திரையில் சீனன்குடா ஓடுபாதை. அப்படியே, நேராக.

"இது எந்த இடம்?" கொச்சைத் தமிழ்.

சுதன் கதிரையை விட்டு எழும்பினான். நான்தான், "சீனன்குடா, சேர். கேம். கனடாவில இருந்து மாமா அனுப்பினது."

"நீ எதுக்கு இங்கே இறங்குறது பழகிறது?"

அவன் சொன்னான்: "ஊருக்குப் பக்கத்தில வேற ஓடுபாதை இல்லை, சேர்."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதிகாரி துவக்கைத் தோளில் மாட்டினார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். தடியைப் பிடித்தார்.

விமானம் எழும்பியது. குடாவின் மேல் ஒரு சுற்று. அவர் வாய் கொஞ்சம் திறந்திருந்தது, படம் பார்க்கும் பிள்ளைகளின் வாய் போல. ஊர் இல்லாத பச்சையின் மேலாக, நீலத்தின் மேலாக. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நாங்கள் நான்கு பேரும் பறந்தோம்.

ஹோலில் இருந்து யாரோ சிங்களத்தில் கூப்பிட்டார்கள். அவர் தடியில் இருந்து கையை எடுத்தார். "கேம் எகக் விதரய்" என்று திரும்பிச் சொன்னார். வெறும் கேம்தானாம். பிறகு எழும்பி, சுதனுக்கு மட்டும் கேட்கும் குரலில், நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் கேட்டது:

"தம்பி, இன்றைக்கே இது அழி. எல்லாம் அழி. அடுத்த முறை வருறது நான் இல்லை. அவங்க கேம் என்று நினைக்க மாட்டாங்க."

போய்விட்டார்கள். அம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்தார்.

மாசி 17, பின்னேரம்

சண்டை.

"இதையும் எடுத்தா நான் என்ன செய்யிறது?" சு. கத்தினான். இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"உயிரோட இரு. அது போதும்" என்றார் அம்மா.

"இருக்கிறன்தானே. இதுக்கு மேல என்னண்டு இருக்கிறது?"

குசினியில் கேத்திலில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது, யாரும் போய் இறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். "அக்கா, ஒருக்கா நீங்கள் ஓட்டுங்கோ. நான் பாக்கிறன்."

ஓட்டினேன். இந்தமுறை விழவில்லை. "இன்னும் மேல. இன்னும். இப்ப கையை விடுங்கோ." விட்டேன். விமானம் தானாகப் போனது, எந்தப் பக்கமும் சாயாமல். கீழே குடா சின்னதாகிக்கொண்டு வந்தது.

பிறகு அவனே எல்லாவற்றையும் அழித்தான். சீடியை இரண்டாக உடைத்தான். நான் அடுப்பில் போட்டேன். கெட்ட மணம், கறுப்புப் புகை. திரையில் வெறும் நீலம் மிச்சம்.

மாசி 18, ஞாயிறு

வெயில். இந்த மாதத்தில் முதல் நல்ல வெயில்.

தேங்காய் வாங்கக் கிளம்பினேன். கேற்றடியில் பின்னால் செருப்புச் சத்தம்.

"அக்கா, நில்லுங்கோ. நானும் வாறன்."

சேர்ட் போட்டு, தலை வாரி இழுத்து, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு. அம்மா வாசல் வரைக்கும் ஓடி வந்தார். ஏலாது என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தார். சொன்னது: "வெயில் கூட. தொப்பியைப் போட்டுக்கொண்டு போ."

சந்தியில் அட்டையைப் பார்த்தார்கள். அவனைப் பார்த்தார்கள். அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். தந்தார்கள்.

கடைக்குப் போகாமல் நேரே கடற்கரைக்கு நடந்தான். நான் பின்னால். மணலில் நாலு அடி வைக்க மூச்சு வாங்கியது அவனுக்கு. செருப்பைக் கழற்றினான். மணல் சுட்டது. துள்ளித் துள்ளி ஓடிப் போய்த் தண்ணீரில் நின்றான், காற்சட்டை நனைய.

"காத்து இவ்வளவு சத்தமா அக்கா?"

"ஓம்" என்றேன். தேங்காய் வாங்க மறந்துவிட்டோம்.