வசனம்: கம்பெனி கதை இலாகா

நேற்றுப் பழைய பெட்டியைக் கிளறியபோது உன் படத்தின் பாட்டுப் புத்தகம் அகப்பட்டது. மட்கிய தாள் வாசனை மூக்கில் ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. நீ இருந்தபோது சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறேன். கோழைத்தனம்தான், தெரியும்.

சினிமா வரலாறு என்று பேரன் வாங்கித் தந்த தடித்த புத்தகத்தில் சென்னை இருக்கிறது, சேலம் இருக்கிறது. திருச்சியில் நம் கல்லூரி விடுதிக்கு அரை வரி கூட இல்லை. நாற்பதுகளில் கம்பெனிக்காரர்கள் நம் விடுதி நாடகங்களுக்கு வந்து, சும்மா பார்க்க வந்தவர்கள் போல முன்வரிசையில் உட்கார்ந்து, வார்டனுக்குத் தெரியாமல் நல்ல காட்சிகளாகப் பொறுக்கிக்கொண்டு போனதை இனி யார் எழுதப்போகிறார்கள்? நீ எழுதிய கோர்ட்டுக் காட்சியையும் ஒருவர் அப்படித்தான் கேட்டார். உன் கையெழுத்து கோழிக் கிறுக்கல். நகல் எடுக்கும் வேலை எனக்கு வந்தது.

"மொதப் பக்கத்துல என் பேரை எழுதிடுடா. அப்பா பாக்கணும்" என்றாய்.

ஏலாக்குறிச்சிப் பக்கம் உழுதுகொண்டிருந்த உன் அப்பா, படிப்பு முடிந்ததும் நீ ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். திரையில் உன் பெயர் வந்தால் மட்டும் எழுத விடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

நான் எழுதவில்லை. சினிமாவுக்கு எழுதியது தெரிந்தால் நகல் எடுத்த என்னையும் சேர்த்து விடுதியிலிருந்து இரண்டு பேரையும் அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நானே தபாலில் போட்டுவிட்டு வந்து உன்னிடம் "எழுதியாச்சுடா" என்றேன்.

அரியலூர் டென்ட் கொட்டகைக்குப் படம் வந்ததும் உன் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்தார். 'வசனம்: கம்பெனி கதை இலாகா' என்று திரையில் ஓடியது. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

"வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"கடைசியில போடுவாங்கப்பா" என்றாய், என்னைப் பார்க்காமல்.

கோர்ட்டுக் காட்சிக்குக் கொட்டகையே கைதட்டியது. அவர் உன் பெயருக்காகக் காத்திருந்தார். 'சுபம்' விழுந்தது.

"வா, வூட்டுக்குப் போவலாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. நீயும் வண்டியில் ஏறிக்கொண்டாய். அதற்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை.

காலமெல்லாம் அந்தக் கம்பெனிக்காரர் ஏமாற்றிவிட்டதாகவே நினைத்தாய். நீ அவரைத் திட்டியபோதெல்லாம் நானும் வெட்கமில்லாமல் கூடச் சேர்ந்து திட்டினேன். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது என் வலது கையைப் பிடித்துக்கொண்டாய்.

"என் பேரை எழுதின ஒரே ஆளு நீதான்டா" என்றாய்.

அந்தக் கையால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.