அடுப்போரம் வைத்த வாளி மண்

என் பொல்லாத அப்பாவுக்கு, கோபம் இன்னும் தீராத உங்கள் மகள் எழுதுவது.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் வாய் வருகிறது. நன்றாகத்தான் இருப்பீர்கள். அந்த அலாஸ்கா ஊருக்குப் போன பிறகு நீங்கள் நன்றாக இல்லாமல் இருந்தது எப்போது? என் வயிற்றெரிச்சலே அதுதானே.

இங்கே சான் ரமோனில் உங்கள் அறையை நான் இன்னும் கலைக்கவில்லை. கட்டில், பைபிள், ஸ்க்ரூ டிரைவர் பெட்டி எல்லாம் அதது அங்கங்கேயே இருக்கிறது. பின்கட்டில் நீங்கள் வைத்த கறிவேப்பிலைத் தொட்டி மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தும் தழைத்து நிற்கிறது. உங்கள் பேத்தி ரூத்துக்கு உயரம் என் தோளுக்கு வந்துவிட்டது. இன்னும் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில். கோடை லீவுக்கு எங்கே போகலாம் என்று கேட்டேன், "தாத்தாஸ் வில்லேஜ்" என்கிறாள். தாத்தா ஊர் பாளையங்கோட்டை என்று எத்தனை தடவை சொன்னாலும் ஏற மாட்டேன் என்கிறது.

அம்மா போய்ப் பதினெட்டு வருஷம் அந்தப் பாளையங்கோட்டை வீட்டில் துணையில்லாமல் கிடந்தவரை நான்தானே க்ரீன் கார்டு எடுத்து இங்கே கூட்டி வந்தேன்? எட்டே மாதம்தான் என்னோடு இருந்தீர்கள். இரண்டு வாரம் அலாஸ்காவில் தம்பி டேனியலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பையோடு கிளம்பினீர்கள். அந்த இரண்டு வாரம் மூன்று வருஷம் ஆனது.

டேனியலுக்காவது ஒரு நியாயம் இருந்தது. கணக்கு வாத்தியாருக்கு விசா போட்டுக் கூப்பிட்ட பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். உங்களுக்கு என்ன வந்தது? நானூறு பேர் ஊர், சாலை கிடையாது, பாதி வருஷம் பனி. எழுபது வயதில் முழங்கால் வலிக்காரருக்கு அங்கே என்ன வேலை? போனில் நான் இதையே கேட்டுக் கேட்டுச் சண்டை போட்டேன்.

"ஏட்டி, உன் வீட்ல ஒரு குறையும் இல்ல. இங்க கதவத் தட்டாமலே உள்ள வாராங்க. ஹீட்டர் ஓடலன்னா என்னயத்தான் கூப்பிடுதாங்க," என்றீர்கள்.

உங்கள் குரலில் இருந்த அந்தக் குஷி என் வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ரிட்டயர் ஆனவர் நீங்கள். இங்கே நீங்கள் டிஷ்வாஷரைக் கழற்றியபோதும் கராஜ் கதவில் கை வைத்தபோதும் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு மறக்கவில்லை. "அப்பா, ப்ளீஸ், எதையும் டச் பண்ணாம சும்மா உக்காந்திருங்க. அதுவே எனக்குப் பெரிய ஹெல்ப்." அன்பாகத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நீங்கள் சும்மாவேதான் உட்கார்ந்திருந்தீர்கள். அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அங்கே போய் ஊருக்குப் பொதுவான துணி துவைக்கும் மெஷின்களை எல்லாம் ஓட வைத்தீர்களாம். வால்டர் என்று ஒரு கிழவர், உங்கள் வயது, பக்கத்து வீடு. போனில் எப்போதும் வால்டர் புராணம்தான். வால்டர் மீன் கொடுத்தார், வால்டர் தொப்பி கொடுத்தார், வால்டரோடு நீராவிக் குளியல். நம் வீட்டில் குளியலறைக் கதவைத் தாழ் போட்டு, தாழ் விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பவர் நீங்கள். நாலு கிழவர்களோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஆவியில் உட்கார்ந்து கதை பேசினீர்கள் என்றால் நான் எப்படி நம்புவேன்? சிரிப்பு வந்தது. போனை வைத்ததும் அழுகையும் வந்தது. எங்களோடு அப்படி உட்கார்ந்து என்றைக்காவது பேசியிருக்கிறீர்களா?

போன பிப்ரவரியில், அந்த வால்டர் வீட்டு மேஜையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்தீர்கள். கடைசி டீ கூட அங்கேதான். டேனியல் போன் பண்ணியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, அப்பாவை இங்கே கொண்டு வா என்பதுதான். எங்கள் சர்ச்சில் பேசி அடக்கத்துக்கு இடமும் வாங்கிவிட்டேன். மூன்று வருஷம் அவர்கள் வைத்துக்கொண்டது போதும், இனி என் அப்பா எனக்கு என்று இருந்தது. தம்பி வாதாடவில்லை. "அக்கா, நீ வந்து ஒரு தடவ பாரு. அப்புறம் நீ சொல்றபடி பண்ணலாம்," என்றான்.

மூன்று விமானம் மாறினேன். கடைசி விமானம் நம் மினி பஸ்ஸில் பாதி இருக்கும். ஏறுமுன் ஆளையும் நிறுத்துத்தான் ஏற்றுகிறார்கள். நான் நாலு கிலோ குறைத்துச் சொன்னேன், கவுண்டரில் இருந்த பெண் தராசைக் காட்டினாள். நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

உங்களை எடுத்துப்போகும் பேப்பர்கள் என் கைப்பையில் இருந்தன. டேனியல் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் நேரே கல்லறை மேட்டுக்குக் கூட்டிப்போனான். இரும்பாய் இறுகிய தரையில் நெருப்பு மூட்டி, இளகிய அளவுக்குக் கொத்தி, மறுபடி நெருப்பு மூட்டி, பத்துப் பன்னிரண்டு ஆண்கள் முறை வைத்துத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அது மூன்றாவது நாள். பெண்கள் சூப் கொண்டுவந்து ஊற்றினார்கள். எனக்கும் ஒரு கிண்ணம் தந்தார்கள். நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை அப்பா. பொறாமைதான் வந்தது. உங்களுக்காக நான் ஒரு கூடை மண் கூட வெட்டவில்லையே, இவர்கள் யார் வெட்டுவதற்கு என்று நெஞ்சு எரிந்தது. அவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்துங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. கைப்பையை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அடக்கம். ஜெபம் முடிந்து மண் போட நான் குனிந்தேன். குவிந்து கிடந்தது மண்ணில்லை, கட்டி கட்டியாகக் கல். எப்படி எடுப்பது என்று நின்றபோது வால்டர் ஒரு வாளியை என் முன்னால் வைத்து, மேலே மூடியிருந்த கம்பளியை எடுத்தார். உள்ளே உதிரி மண். இரண்டு நாளாக அவர் வீட்டு அடுப்போரம் வைத்து இளக்கிய மண்ணாம். கை வைத்தேன், இன்னும் சூடு இருந்தது.

அவர் சொன்னார், முந்திய வருஷம் அங்கே ஒருவர் இறந்தபோது நீங்களும் போய்க் குழி தோண்டினீர்களாம். நம் வழக்கப்படி ஒரு பிடி எடுத்துப் போட்டபோது கட்டி பெட்டி மேல் தடாலென்று விழுந்ததாம். அன்று சாயங்காலம் ஆவியில் உட்கார்ந்து அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டீர்களாம். "என் முறை வரும்போது கொஞ்சம் மண்ணை இளக்கி வை. என் மகள் வருவாள். அவளுக்கு அந்தச் சத்தம் ஆகாது."

அம்மாவின் பெட்டி மேல் மண் விழுந்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. நீங்கள் குனிந்த தலை நிமிராமல் நின்றீர்கள். பார்த்தீர்களா அப்பா? இத்தனை வருஷமும் அதை மனதில் வைத்திருந்தீர்களா? அதை என்னிடம் சொல்லாமல் ஏன் வால்டரிடம் சொன்னீர்கள்? நான் கேட்க உட்காரவில்லை என்பதாலா?

ஒரு பிடி போட்டேன். சத்தமே வரவில்லை.

ஜூனில் நானும் ரூத்தும் வருகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. வால்டருக்கு எலுமிச்சை ஊறுகாய் எடுத்து வைத்திருக்கிறேன், மனசில்லாமல்தான். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவு அவரிடம் இருக்கிறதோ, எல்லாவற்றையும் கேட்டு வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன். கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து ஒரு டப்பா மண்ணும் வருகிறது. அதை உங்கள் மேல் என் கையாலேயே தூவுவேன். இந்தத் தடவை தராசில் ஏறும்போது குறைத்துச் சொல்ல மாட்டேன், டப்பாவோடு சேர்த்தே நிறுக்கட்டும். அந்த ஊர் மண்ணுக்குள் என் வீட்டு மண்ணும் கொஞ்சம் கிடக்கட்டும் அப்பா.

உங்களை யாருக்கும் முழுசாக விட்டுக்கொடுக்காத
உங்கள் மகள்,
எஸ்தர்