பஸ் வராத பாதை

வெண்ணந்தூர்,
வெகுதானிய வருஷம், மாசி மாதம்.

கொழும்பில் இருக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உங்கள் மகள் கமலவேணி காலில் விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. பங்குனி பிறப்பதற்குள் கப்பலேறி வந்து என்னைக் கையோடு கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் புறப்படுவதற்கு முன் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டுமே என்ற பயத்தில்தான் உலையைக் கூட வைக்காமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சின்னண்ணன் சித்தப்பா உங்களுக்கு எழுதியதில் பொய் எதுவும் இல்லை. நாமகிரிப்பேட்டைச் சந்தைக்குள் பட்டப்பகலில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, நான் சைக்கிளில் வந்தது நிஜம். என் வீட்டுக்காரருக்கு இடது கால் போனதும் நிஜம். ஆனால் அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததைச் சித்தப்பா எழுதவில்லை. அதை நான் எழுதாவிட்டால் உங்களுக்கு வேறு யார் சொல்வார்கள்?

அவர் செவ்வாய்ப்பேட்டை நூல் கடையில் வேலை பார்க்கிறார் என்று தெரிந்துதான் என்னைக் கட்டிக்கொடுத்தீர்கள். கடையில் எடுத்த நூல் கட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தறிக்காரர் ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். பெரிய ரோட்டில் பஸ்ஸும் லாரியும் கிளப்புகிற புழுதியில் வெள்ளை நூல் செம்மண் நிறமாகிவிடும். அதற்காக ஆற்றங்கரை, ஏரிக்கரை, மலையடிவாரம் என்று சுற்றுப்பாதைகளில் போக ஆரம்பித்தவர், பிறகு அந்தப் பாதைகள் மேலேயே பைத்தியமாகிவிட்டார். வேலை இல்லாத நாளிலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். வந்து சாப்பிட உட்கார்ந்தால், போதமலை நிழல் விழுகிற பள்ளத்தாக்கில் வெயிலே தெரியவில்லை என்பார். திருமணிமுத்தாற்றுக் கரையோடு போனால் மாட்டு வண்டி கூட எதிரே வராது என்பார். கேட்டுக் கேட்டு ஒரு நாள், நானும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

தன் ஊருக்குத் திரும்பிப்போகவிருந்த மிஷன் நர்ஸம்மா ஒருத்தியிடமிருந்து குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள் ஒன்று வாங்கி வந்தார். பனமரத்துப்பட்டியில் அவருடைய அத்தை வீட்டில் அதை வைத்திருந்தோம். ஏரி வற்றியிருந்த காலத்தில் அந்த வெறும் தரையில்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அத்தையைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போவோம். பஸ் வராத பாதை என்றால் அவருக்குப் புழுதி இல்லாத பாதை. எனக்கு, யாரும் என்னைப் பார்க்காத பாதை.

அப்பா, உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். ஐப்பசியில் திருமணிமுத்தாற்றை ஒட்டியே போய், அது காவேரியில் கலக்கிற இடம் வரைக்கும் போனோம். இரண்டு பக்கமும் நெல்லும் கரும்பும். நடுவில் கரை மேலே நாங்கள் இருவர் மட்டும். நஞ்சை இடையாற்றில் தண்ணீரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான பின் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

கார்த்திகை மழை விட்டதும் கொல்லிமலை அடிவாரத்துக்குப் போனோம். முள்ளுக்குறிச்சி தாண்டி, ஓடையை ஒட்டி ஒரு தடம் இறங்குகிறது. கரை உள்ளுக்குள் ஊறிப்போயிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். திரும்பி என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கரை பெயர்ந்து, சைக்கிளோடு ஓடைப் பாறைகளுக்குள் விழுந்துவிட்டார். நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. சேறும் ரத்தமும் ஒன்றாகக் கலந்திருந்தன.

என் சத்தம் கேட்டு, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அங்கம்மாள் என்கிற அம்மாள் ஓடி வந்தாள். தன் முந்தானையைக் கிழித்துக் காலைச் சுற்றிக் கட்டினாள். வண்டி கிடைக்குமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் வண்டியே வராது என்றாள். அதற்காகத்தானே அப்பா நாங்கள் அந்தப் பாதையைத் தேடிப் போனோம்?

திரும்ப இரண்டு வழி இருந்தது. வந்த வழி காட்டோரமாகச் சுற்றிப் போகும். அதில் போனால் ஆளைப் பார்க்கவே பொழுது சாய்ந்துவிடும். இன்னொன்று நேராக நாமகிரிப்பேட்டைச் சந்தைக்குள் இறங்கும். அன்று சந்தை நாள். நான் என்ன நினைக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த வலியிலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வந்த வழியாவே போ அம்மிணி. சந்த வழி வேண்டாம். ஊரே உன்னப் பாக்கும்.”

நான் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தேன். அங்கம்மாள்தான், “நீ போ சாமி, நா இவரு பக்கத்துலயே இருக்கறேன்” என்றாள். கரைமேல் கிடந்த என் சைக்கிளை நிமிர்த்திச் சந்தை வழியில் மிதித்தேன். அவர் சொல்லை நான் மீறியது அதுதான் முதல் தடவை.

சந்தை முகப்பில் ஒருவன் ஓடி வந்து சைக்கிளின் முன் கம்பியைப் பிடித்து நிறுத்தினான். யார் வீட்டுச் சைக்கிள், எங்கே திருடினாய் என்று கேட்டான். கூட்டம் சேர்ந்தது. சிரித்தார்கள். என் முழங்கால் வரை ரத்தம் ஒட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வாயைத் திறக்கிறேன், சத்தம் வரவில்லை. அப்போதுதான் மஞ்சள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் சித்தப்பா நிற்பதைப் பார்த்தேன். உயிர் வந்தது போல இருந்தது. “சித்தப்பா” என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார் அப்பா. நன்றாகப் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“எம் புருசன் ஓடையில கால் முறிஞ்சு கெடக்கறாருங்க. ஒரு கட்டலும் நாலு ஆளும் வேணுங்க. யாராச்சும் வாங்க.”

சிரிப்பு நின்றுவிட்டது. சேலத்துக்கு மஞ்சள் ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்காரர் ஒருவர், தங்கமுத்து என்று பெயர், என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏற்றிய மூட்டைகளை இறக்கச் சொன்னார். கயிற்றுக் கட்டில் ஒன்றைத் தூக்கிப் போட்டார்கள். ஆட்கள் ஏறிக்கொண்டார்கள். அவர்களுக்கு வழி தெரியாது. நான் சைக்கிளில் முன்னால் போக, லாரி என் பின்னாலேயே வந்தது. கடைவீதி முழுக்க நின்று பார்த்தது. எனக்கு அப்போது வெட்கம் இல்லை. ஓடையில் என் வீட்டுக்காரர் இன்னும் கண் விழித்திருப்பாரா என்ற ஒரே நினைப்புத்தான்.

தடம் முடிகிற இடத்தில் லாரி நின்றது. ஆட்கள் ஓடைக்கு இறங்கி, அவரைக் கட்டிலில் வைத்து லாரிக்குத் தூக்கி வந்தார்கள். சேலம் ஆஸ்பத்திரியில் சில நாள் பார்த்துவிட்டு, புண்ணில் சேறு புகுந்து அழுகிவிட்டது, காலை எடுக்காவிட்டால் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் நினைவில்லாமல் கிடந்தார். மாமியார் ஊரில் இருந்தார். அவர் வரும்வரை காத்திருக்க முடியாது என்றார்கள். சம்மதம் என்று சொன்னது நான்தான்.

அதற்காக மாமியார் செல்லியம்மாள் என்னைச் சொன்ன பேச்சையெல்லாம் எழுதமாட்டேன். பெற்றவள் அவர். தன் பிள்ளையின் காலை நான் வாங்கிவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லி அழுதார். பிறகு என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

தை பிறந்ததும், அவர் வேலைக்கு வேறு ஆள் போடப்போவதாகக் கடையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். நானே போய் முதலாளி முன்னால் நின்று, நூலை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றேன். முதலாளி, ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். இப்போது நான்தான் போகிறேன். முதல் நாள் வாசலில் நூல் கட்டு சரிந்து சரிந்து விழுந்தது. உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் வெளியே வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கினார். “இப்பிடிக் குறுக்க போட்டு இறுக்கோணும். சின்ராசு இப்பிடித்தான் கட்டுவான்” என்று தன் பிள்ளையைச் சொன்னார். கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். என்னிடம் அவர் பேசியது இவ்வளவுதான். ஆனால் தினமும் அவர்தான் கட்டித் தருகிறார்.

இனி, இந்தக் கடிதத்தை எதற்காக எழுதுகிறேனோ அதைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவருக்கு நான் வாசித்துக் காட்டினேன். வாசித்திருக்கக் கூடாது. கேட்டு முடித்துவிட்டு, “உங்கப்பா வந்தா போயிரு கமலா. நா வேண்டாங்க மாட்டேன்” என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் நூல் கொடுத்துவிட்டு நான் வரும்போது வீட்டில் அவரைக் காணோம். மாமியார் தண்ணீருக்குப் போயிருந்தார். தேடிக்கொண்டு போனால், கொல்லைக் கிணற்று மேட்டில் ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். காற்று வாங்க வந்தேன் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, அன்று போன பாதையைச் சொன்னேன். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது, அலவாய்மலைப் பக்கம் மயில் பார்த்தேன் என்றெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் எழுந்திருக்கும் வரை நிறுத்தவில்லை.

அப்பா, நீங்கள் வந்து வாசலில் நின்றால் அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டார். என்னை அனுப்பிவிடுவார். நான் போன பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் இங்கே கஷ்டப்படவில்லை என்று சொல்லமாட்டேன். கஷ்டம்தான். ஊர் பேசுகிறது. இன்னும் பேசும். ஆனால் என்னை யாரும் இங்கே கட்டி வைக்கவில்லை.

நீங்கள் பெற்ற பிள்ளை உங்களிடம் கேட்பது ஒன்றுதான். என்னை அழைத்துப்போக இப்போது வரவேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு கார்டு போடுங்கள். எனக்கு வேண்டாம், அவர் பெயருக்குப் போடுங்கள். மாப்பிள்ளைக்கு என்று ஆரம்பித்து, புண் ஆறிவிட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். தபால்காரர் வாசலில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும். அவரே எழுந்து வந்து கையில் வாங்கட்டும்.

உங்கள் இருவர் ஆசீர்வாதத்தையும் எங்கள் இருவருக்குமாகக் கேட்டு நிற்கும்,
உங்கள் பிள்ளை
கமலவேணி