அவர் எடுத்துப் போகும் வாக்கியங்கள்

ஜூலை 9, செவ்வாய்

வாசகர் கூட்டத்துக்கு இந்த மாதம் கொடுத்திருப்பது ஒரு நாவல். கடற்கரை ஊர் ஒன்றில் லாட்ஜ் நடத்துகிறவனின் கதை. பூட்டிக் கிடக்கும் அறை ஒன்றின் சாவியை அவன் தேடிக்கொண்டே இருக்கிறான். பாதி வந்துவிட்டேன், இன்னும் தேடுகிறான். பின்னட்டையில் 'மனித மனத்தின் திறக்கப்படாத அறைகள்' என்று போட்டிருக்கிறார்கள். பின்னட்டைகளை நம்புகிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

காப்பி குடிக்கும்போது என் வீட்டுக்காரர் வழக்கம்போல, "புஸ்தகம் எப்படி?" என்றார்.

"நூறு பக்கமா சாவி தேடுறான். எழுதினவருக்கே கதவு எங்க இருக்குன்னு தெரியல போல, பாவம்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிர பாஷை. இங்கே தமிழில் எழுதும்போது அதன் காரம் பாதிதான் வருகிறது. அந்தப் பாஷையில் எனக்கு வாய் நீளம் என்று மாமியார் சொல்வார். தமிழ் எனக்குப் பள்ளிக்கூடத்தில், பல்கலைக்கழகத்தில், ஆபீஸில் வந்த மொழி. அதில் நான் வேறு ஆள்.

ஜூலை 28, ஞாயிறு

காளவாசலில் கண்ணாடிக் கடை மாடியில் கூட்டம். முதலில் நான் பேசினேன். "இடத்தைக் குறியீடாக மாற்றும் முயற்சி முழுமை பெறவில்லை" என்று தொடங்கினேன். இரண்டு பேர் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

அடுத்தது இவர். மே மாதம் என் ஸ்கூட்டர் ஒர்க்ஷாப்பில் கிடந்தபோது என்னைக் கொண்டுவந்து விட்டவர், வெயில் தாளாமல் மேலே வந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஆனால் இந்த மாதம் முழுக்க அந்தப் புத்தகம் என் கைப்பையை விட்டு இவர் கைக்குப் போகவே இல்லை.

"எனக்கு ஒரு சந்தேகம்ணே. நூறு பக்கமா சாவியத் தேடுறாரு. எழுதினவருக்கே கதவு எங்கிட்டு இருக்குன்னு தெரியலையோ?"

அறையே சிரித்தது. ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் முனீஸ்வரி என்ற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், நீங்க பேசுறதக் கேட்டா படம் பாத்த மாதிரி இருக்கு" என்றாள். கூட்டத்தை நடத்தும் முத்திருளன் சார் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என் பக்கம் திரும்பினார். "ஒரே வீட்டுலதான இருக்கீங்க மேடம்? அவரு எம்புட்டு சிம்பிளாச் சொல்றாரு பாருங்க. நீங்களும் அப்படிப் பேசலாம்ல?"

பேசலாம்.

ஜூலை 29, திங்கள்

இவரிடம் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது? என் வாக்கியத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றா?

ஆகஸ்ட் 14, புதன்

இந்த மாதம் கன்னடத்திலிருந்து வந்த ஒரு மொழிபெயர்ப்பு. அக்கா தங்கை, ஒரே தையல் மிஷின், அதற்காக ஒரு சண்டை. முதல் ஐம்பது பக்கம் நன்றாக இருந்தது. பிறகு அக்கா அழ ஆரம்பித்தாள், அதோடு புத்தகம் நனைந்துவிட்டது.

இவர் இருபத்தைந்து வருடம் மருந்துக் கம்பெனி ரெப். டாக்டர் அறைக்குள் கிடைக்கிற இரண்டு நிமிடத்தில், கம்பெனி எழுதிக் கொடுத்த வரியை அந்த நொடியில் தனக்கே தோன்றியதுபோலச் சொல்ல வேண்டும். அதில் இவரை அடிக்க ஆளில்லை. மருந்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலையை விட்டுவிட்டார். பழக்கம் விடவில்லை. இப்போது கம்பெனி நான்தான்.

எதுவும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். "எப்படி?" என்று கேட்டதும் வாய் நிற்கவில்லை. "அக்கா அழுற எடத்துல எல்லாம் மழை பெய்யுது. பேசாம ஒரு குடை வியாபாரியக் கல்யாணம் பண்ணியிருக்கலாம்."

விழுந்து விழுந்து சிரித்தார். நான் பேசிச் சிரிக்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகஸ்ட் 25, ஞாயிறு

குடை வியாபாரி இன்று காளவாசலில் அமோகமாக விற்றான்.

ராத்திரிக்குள் வாட்ஸ்அப் குழுவிலும் வந்துவிட்டது. இவருடைய போட்டோ, கீழே என் வரி, அதற்குக் கீழே 'வெங்கடேஷ்பாபு சார்', பூங்கொத்துப் படங்கள். முனீஸ்வரி மட்டும் ஐந்து கைதட்டல் போட்டிருக்கிறாள்.

திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே, "நல்லாப் பேசுனேனா?" என்று கேட்டார். கள்ளம் ஒன்றும் இல்லை அந்தக் கேள்வியில். "ம்" என்றேன்.

ஊர் ஊராகச் சுற்றிய மனிதர். எந்த ஊரில் யாரோடு பேசினீர்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்போ என்னடான்னா ஒரு வாட்ஸ்அப் குரூப்பப் பாத்துப் பொருமிக்கிட்டு உக்காந்திருக்கேன். வயித்தெரிச்சல்தான் — அதுக்கு வேற பேரு எதுக்கு?

செப்டம்பர் 11, புதன்

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்து முடித்தேன். முகம் கழுவிக்கொண்டுதான் சீட்டுக்குத் திரும்ப முடிந்தது.

இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிற ஒருத்தியின் கதை. சின்னப் புத்தகம். வெள்ளிக்கிழமைதோறும் போன் பேசுகிறாள். வருடங்கள் போகின்றன, மகன் போனுக்கு வருவது நின்றுபோகிறது. ஒரு வெள்ளிக்கிழமை எடுத்தது கனத்த ஆண் குரல். ராங் நம்பர் என்று நினைத்து வைத்துவிடுகிறாள். அது மகன். குரல் உடைந்திருக்கிறது. அவ்வளவுதான் அந்தக் காட்சி. அதற்குமேல் எழுதியவர் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அந்த அடக்கத்துக்காகவே அவரைக் கும்பிடலாம்.

இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சாயங்காலம் இவர் கேட்டார். சொன்னேன்: "பெத்ததுகள விட்டுட்டுப் போனவளுக்கு எதுக்கு அம்புட்டு அழுகை? சம்பாதிக்கப் போனாளா, தப்பிச்சுப் போனாளா, அதையே எழுதினவர் சொல்லல."

"அப்படியா?"

"அப்படித்தான்."

பொய்யைச் சொன்னாலும் கைதட்டுகிறார்களா என்று பார்த்துவிடலாம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

தட்டினார்கள்.

"சம்பாதிக்கப் போனாளா, தப்பிச்சுப் போனாளா?" என்று இவர் ஒரு புருவத்தைத் தூக்கிச் சொன்னதும் சிரிப்பு. முத்திருளன் சார், "அடேங்கப்பா, இந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லையே" என்றார். ஆக, வரி என்னுடையதாக இருந்தாலும் ஒன்றுதான், குப்பையாக இருந்தாலும் ஒன்றுதான். தெரிந்துகொள்ள நினைத்தது தெரிந்துவிட்டது. சந்தோஷம் எங்கே? போன மாதமும் அதற்கு முந்தின மாதமும் கிடைத்த கைதட்டல், அவர் பெயரில் வந்தாலும் என்னுடையது என்று உள்ளுக்குள் வைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை.

எழுதும்போதுதான் நினைவு வருகிறது: முனீஸ்வரி சிரிக்கவில்லை. டீ வருவதற்குள், "டூட்டி இருக்குண்ணே, வாரேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 4, வெள்ளி

முனீஸ்வரி குழுவிலிருந்து விலகியிருப்பதைப் பார்த்துவிட்டு இவர் போன் செய்திருக்கிறார். அடுப்படி வாசலில் நின்றபடியே என்னிடம் சொன்னார்.

"அவங்கம்மா பதினோரு வருஷம் குவைத்துல இருந்தாங்களாம். இவ சோழவந்தான்ல பெரியம்மா வீட்டுல வளந்திருக்கா." அப்புறம், "அந்தப் புஸ்தகத்தக் குடு" என்றார்.

வாங்கிக்கொண்டு போய்விட்டார். இவர் ஒரு நாவலைக் கையில் எடுத்து நான் பார்த்ததில்லை. பிரித்துப் பிடிக்கும் விதமே மருந்துத் துண்டுப்பிரசுரத்தைப் பிடிப்பதுபோல இருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

படித்து முடித்துவிட்டார். மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீ படிச்சது இதே புஸ்தகமா?"

புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"இவ தப்பிச்சுப் போனவ இல்ல. பத்தாவது பக்கத்துலயே தெரியுது, எனக்கே தெரியுது. உனக்குத் தெரியாமலா போச்சு?"

"வேணும்னுதான் சொன்னேன்."

"ஏன்?"

"நான் சொன்னதையே நீங்க சொன்னா கை தட்டுறாங்க. நான் சொன்னா ஃபேனப் பாக்குறாங்க. அதான்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "வீட்டுல பேசுற மாதிரி நீ அங்க பேசுனா நான் ஏன் வாயத் தொறக்கப்போறேன்? நல்ல சரக்கு வீணாப் போகுதேன்னு எடுத்துட்டுப் போனேன். உன் பேரச் சொல்லியிருக்கணும், சொல்லல. அது என் தப்பு. ஆனா இது..." எழுந்துபோய் டிவியைப் போட்டார், சத்தமில்லாமல்.

அந்தப் பெண்ணின் அம்மா விஷயம் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். இந்தச் சமாதானத்தை எத்தனை முறை எழுதினாலும் நன்றாக இல்லை.

அக்டோபர் 16, புதன்

இன்று இவர் என்னிடம் பேசியது: "கேஸ் புக் பண்ணியாச்சு."

அக்டோபர் 27, ஞாயிறு

இவர்தான் முனீஸ்வரியிடம் பேசி வரவழைத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. படியேறிப் போனால் அவள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த மாதப் புத்தகத்தை ஆரம்பிப்பதற்கு முன்னால் கை தூக்கினேன். காகிதத்தில் எழுதிக்கொண்டு போனதை எடுக்கவில்லை.

"போன மாசம் இவர் சொன்னது நான் சொல்லிக் குடுத்தது. அதுக்கு முந்தி சொன்னதும்தான். ஆனா போன மாசம் சொன்னது பொய். எனக்கு அந்தம்மாவப் பிடிச்சிருந்தது. மகன் கொரலே தெரியாம போன வச்சாளே, அந்த எடத்துல நான் அழுதேன். அத உங்ககிட்டக் குடுக்க மனசு வரல."

யாரும் மேலே பார்க்கவில்லை. யாரும் எதையும் பார்க்கவில்லை.

முனீஸ்வரிதான் பேசினாள். "முழுப் பொய்யின்னு சொல்லாதீங்க மேடம். எங்கம்மாகிட்ட நானே கேட்டிருக்கேன். சம்பாதிக்கப் போனியா, தப்பிச்சுப் போனியான்னு. அச்சு அசலா அதே கேள்வி." கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஆனா நான் கேட்டப்ப யாரும் சிரிக்கல."

இவர், "தப்புதாம்மா" என்றார். நானும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முத்திருளன் சார், "டீ வந்துருச்சா பாருங்கப்பா" என்று எழுந்தார்.

டீ நேரத்தில் எல்லாரும் முனீஸ்வரியைச் சுற்றித்தான் நின்றார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அதைக் கவனிக்கிறேன். நான் திருந்துகிற ஆள் இல்லை.

விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக் கூட்டம், வண்டி நகரவில்லை. அரைமணி நேரம் இவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

இந்த மாத நாவலில் கல்யாணத்துக்கு முந்தின நாள் மணப்பெண் காணாமல் போகிறாள். சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தேன், மோசமில்லை. இன்று ஆபீஸில் படிக்கலாம் என்று பையைத் திறந்தால் புத்தகம் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் நாற்காலியில், கண்ணாடி மூக்கு நுனியில், வாய் லேசாகத் திறந்தபடி படித்துக்கொண்டிருக்கிறார். நான் நிறுத்திய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தார். நான் வந்தது தெரியவில்லை. செருப்பைச் சத்தமாகக் கழற்றினேன். அப்போதும் தெரியவில்லை.

கடைசியில் நானே கேட்டேன். "அந்தப் பொண்ணு திரும்பி வாராளா?"

ஒரு பக்கத்தைத் திருப்பினார். "ஞாயித்துக்கிழமை அடுத்த வாரந்தான? கூட்டத்துல பேசுவேன். அப்பக் கேட்டுக்க."

"நீங்களா யோசிச்சதா?"

"நானா யோசிச்சதுதான்."

இவர் குளிக்கப் போனபோது புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரியின் கீழே பென்சிலால் மெல்லிய கோடு. மணப்பெண்ணின் அப்பா பந்தல்காரரிடம், 'கழட்ட வேண்டாம், இருக்கட்டும்' என்று சொல்கிற வரி. சாதாரண வரி. திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் இவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை.